விஜயதாஸின் இடுப்பெலும்பு எந்த வகை

நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடந்த விஜயதாசுக்கு, உடைந்த இடுப்பெலும்பை விடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய தேவாலயச் சபையில் தேர்தல். செக்ரட்டரி பதவிக்கு அவரும் நேசையனும் போட்டி. நேசையன் வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்கிறார். இவரோ பாறசாலைச் சந்தியில் ஸ்கூட்டரோடு பக்கவாட்டில் சரிந்து விழுந்து, இங்கே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.

டாக்டர் ஜிஜின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"அங்கிள், இடுப்பெலும்பு ஒரு வளையம் மாதிரியாக்கும். உடைஞ்சா மூணு வகையா பிரிப்போம். ஏ வகையில ஒரு ஓரம் உடைஞ்சிருக்கும், வளையம் அசையாது. பி வகையில வளையம் புஸ்தகம் மாதிரி விரியும், இல்லெங்கி உள்ளோட்டு மடங்கும். சி வகையில மேலயும் கீழயும் எல்லாம் ஆடும். பிளேட், ஸ்க்ரூ, ஆப்பரேஷன், மாசக்கணக்கில ரெஸ்ட்."

"எனக்கு எது டாக்டரே?"

"ஏ. ஆப்பரேஷன் வேண்டாம். வேதனைக்கு மாத்திரை உண்டு. நாளைக்கே வாக்கர் பிடிச்சு நடக்கணும்."

விஜயதாசின் முகம் விழுந்துவிட்டது. இந்த வலி வலித்தும் மூன்றில் ஆக லேசானதுதானா?

மனைவி லீலாபாய் ரிட்டயர்டு நர்ஸ். "கேட்டியளா, கிடந்தே இருந்தா காலில ரத்தம் கட்டும், முதுகு புண்ணாவும். எழும்புங்க" என்றாள்.

எழும்பியிருப்பார். அதற்குள் சபைப் பெண்கள் ஆரஞ்சும் பிரெட்டுமாக வந்துவிட்டார்கள். அவர் கிடந்த கிடப்பைக் கண்டு அவர்களில் ஒருத்தியான ஜெஸ்மி கண்ணைத் துடைத்தாள். "எங்க வீட்டு நாலு ஓட்டும் அண்ணனுக்குத்தான்."

விஜயதாசுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. லீலாபாய் கேன்டீனுக்குப் போயிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மூணு வகை உண்டு மக்கா. எனக்கு சி."

அன்று சாயங்காலத்துக்குள் அவருடைய ஊரான அமரவிளை முழுக்க இடுப்பெலும்பு நிபுணர்கள். மறுநாள் வந்தவர்கள் எல்லாரும் "சி தானே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். வாக்கர் பக்கத்தில் வந்தாலே விஜயதாஸ் குறட்டை விட்டார்.

மூன்றாம் நாள் நேசையனே வந்தார். இடுப்பில் கை வைத்து இருபது நிமிடம் ஜெபம். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட ஆமென் சொன்னார்கள். பிறகு தோளைத் தட்டினார்.

"எலே விஜயதாசே, ஒண்ணுக்கும் விசாரப்படாத. நீ ஆறு மாசம் கிட. சபைக் காரியத்த நான் பாத்துக்கிடுதேன்."

அவர் போனதும், கூட வந்திருந்த ஜெஸ்மி சொன்னாள். "அதான் அண்ணே எல்லாரும் பேசி வச்சிருக்கு. இந்த இடுப்ப வச்சிக்கிட்டு உங்கள கமிட்டிக்கு ஓட விட்டா பாவமாக்கும். ஓட்டு நேசையண்ணனுக்கே போடலாம்னு."

ஜெஸ்மி வராந்தா தாண்டும் முன்பே விஜயதாஸ் கத்தினார். "லீலா, அந்த வாக்கர எடு!"

"என்ன திடீர்னு?" என்று கேட்டாலும் லீலாபாய் விடவில்லை. "முதல்ல வாக்கர். பின்ன நோவுற கால். பின்ன நல்ல கால். பல்லைக் கடிக்காதீங்க, மூச்சு விடுங்க." மூன்று நாள் வராந்தாவை அளந்தார். சனிக்கிழமை டாக்டர் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பினார்.

ஞாயிறு ஆராதனை தொடங்கியபின், வேண்டுமென்றே தாமதமாக, நடுவாசல் வழியாக உள்ளே போனார். டக், டக். பாட்டு நின்றது. சபையே திரும்பியது.

"சி வகையாக்கும்! எட்டு நாளில நடந்து வாறாரே!" என்றது ஒரு குரல்.

"நேசையண்ணனுக்க ஜெபம்!" என்று ஜெஸ்மி அலறினாள். அல்லேலூயா கூரையைத் தூக்கியது. நேசையன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஜெபமும் இல்ல, ஒண்ணும் இல்ல!" விஜயதாஸ் வாக்கரைத் தரையில் இடித்தார். "எனக்கு ஏ வகையாக்கும்!"

"பாத்தியளா! போன வாரம் சி, இந்த வாரம் ஏ!" என்று ஜெஸ்மி இன்னும் உரக்க அலறினாள்.

ஆராதனை முடிந்து தேர்தல் நடந்தது, ஓட்டு எண்ணினார்கள். நேசையனுக்கு நூற்று எண்பத்தொன்று. விஜயதாசுக்கு ஒன்று. அது அவரே போட்டது. மெதுவாக மனைவியைப் பார்த்தார்.

"என்ன ஏன் பாக்குதீங்க? நானும் நேசையனுக்குத்தான் போட்டேன்" என்றாள் லீலாபாய். "ஏ வகைக்கும் ஆறு வாரம் அடங்கிக் கிடக்கணும். நேரா வீட்டுக்கு நடங்க. முதல்ல வாக்கர்."