மஞ்சள் விளக்கில் பார்த்த சட்டை

வெள்ளிக்கிழமை காலை, டீ வந்த கையோடு, லேபிள் எழுதும் குமாஸ்தா ஸ்டூல் மேல் ஏறி நின்றான். ஓயாமல் பேசுவதால் நிறம் பார்க்கும் அறையில் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

"எல்லாரும் கேளுங்க. திங்கக்கிழமையிலிருந்து இன்னிக்கு வரைக்கும் நான் போட்டிருக்கிறது ஒரே சட்டை. அஞ்சு நாள்! ஒருத்தராவது கவனிச்சீங்களா? பெரிய நிறம் பாக்கிற கண்ணுங்க!"

"கண்ணு கவனிக்கலப்பா. மூக்கு முந்தாநாளே கவனிச்சிடுச்சு," என்றார் அரை டீ.

அறையே குலுங்கிச் சிரித்தது. எந்த டீயையும் பாதிக்கு மேல் குடிக்காத மனிதர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். ஒன்பது வருடமாக அவருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் கழுகு என்றார்கள். கழுகுக் கண்ணுக்குத் தப்பிய நிறம் கிடையாது என்பது அந்தச் சாயப்பட்டறையின் பேச்சு.

"கழுகக்கா, நீங்க சொல்லுங்க. நேத்து சூப்பர்வைசர் என்ன சட்டை?"

"கோட்டு போட்டிருந்தார்."

"கோட்டுக்குள்ள?"

"அதை அவர் வீட்டுக்காரம்மாகிட்டப் போய்க் கேளு."

மறுபடியும் சிரிப்பு. ரேடியோ இறங்கிவிட்டான். அவன் கேள்வியில் நியாயமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த அறைக்குள் நுழையும் யாரும் வாசலிலேயே சாம்பல் நிறக் கோட்டை எடுத்து மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். சிவப்புச் சட்டைக்காரன் வெள்ளைத் துணி மேல் குனிந்தால் துணியில் சிவப்பு படிந்து தெரியும். அதனால்தான் அந்த விதி. சுவரும் சாம்பல், மேஜையும் சாம்பல். ஜன்னல் கிடையாது. ஒருவர் போட்டிருக்கும் உடையில் மற்றவர் கண்ணுக்குப் படுவது கழுத்தருகே விரல் அகலக் காலர் மட்டும்தான்.

பன்னிரண்டரைக்கு அரை டீ கதவுக்கு வெளியே போய்க் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வரவில்லை.

இரண்டு மணிக்கு அவருடைய மகளிடமிருந்து சூப்பர்வைசருக்குப் போன் வந்தது. தினமும் ஒன்றரைக்கு அப்பாவோடு பேசுகிறவள் அவள். இன்று மணி அடித்துக்கொண்டே இருக்கிறதாம், எடுக்கவில்லையாம். போன் சத்தம் அணைத்தபடி அவர் மேஜை டிராயருக்குள்ளேயே கிடந்தது. சாப்பாட்டு டப்பாவும் திறக்காமல் பக்கத்திலேயே இருந்தது. வாசல் காவலாளி, அவர் வெளியே போனதைப் பார்த்ததாகச் சொன்னான். எந்தப் பக்கம் என்றோ, என்ன சட்டை என்றோ அவன் கவனிக்கவில்லை.

அரை மணி நேரத்தில் மகள் வந்துவிட்டாள். நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட், விரல் நுனியில் மை அப்படியே இருந்தது. கூடவே ஒரு போலீஸ்காரம்மா, கையில் நோட்டுப் புத்தகத்தோடு.

"உயரம், வயசு எல்லாம் பொண்ணு சொல்லிடுச்சு. என்ன உடை?"

எல்லோரும் அவரவர் சாம்பல் கோட்டைக் குனிந்து பார்த்தார்கள்.

"பேண்ட் கறுப்பு. அவர்கிட்ட இருக்கிறதெல்லாம் கறுப்புதான்," என்றாள் மகள். "சட்டைதான் தெரியல. ராத்திரியே எடுத்து நாற்காலி மேல வச்சிடுவேன். ஏன்னா அப்பாவுக்கு..." அதைப் பாதியில் விட்டாள். "இன்னிக்கு நான் வச்ச சட்டை அப்படியே இருக்கு. அவரா எதையோ எடுத்துப் போட்டிருக்கார். பாதித் துணி சலவைக்குப் போயிருக்கு. எது குறையுதுன்னு எனக்குப் பிடிபடல."

"வெள்ளைன்னு நினைக்கிறேன்," என்றார் சூப்பர்வைசர். நேற்றா இன்றா என்று கேட்டதும் தலையைச் சொறிந்தார். வாசல் கேமராப் படத்தை ஓட்டிப் பார்த்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம். அதில் எல்லாச் சட்டையும் ஏதோ ஒரு சாம்பல்.

மகள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "நாள் முழுக்க நிறம் பாக்கிறதுதானே உங்க வேலை? காலையிலிருந்து கூடவே உக்காந்திருந்தவரோட சட்டை தெரியாதா?"

அந்தக் கேள்வி கழுகின் முகத்தில் அறைந்தது. அதற்கு மகளே அறியாத காரணம் ஒன்று உண்டு. ஆறு மாதமாக அரை டீ, துணிக்கு நிற எண் எழுதும் சீட்டுகளில் தப்பு எழுதிக்கொண்டிருந்தார். நிறத்தைச் சரியாகப் பார்ப்பார், எண்ணை மாற்றி எழுதுவார். சில நாள் அதே துணியை இரண்டு தடவை பார்ப்பார். சூப்பர்வைசர் கைக்குப் போவதற்கு முன்னால் அந்தச் சீட்டுகளை எடுத்து, அவர் கையெழுத்து மாதிரியே திருத்தி வைத்தாள் கழுகு. ஓய்வு பெற ஒன்றரை வருடம்தான் பாக்கி, காதும் காதும் வைத்தாற்போல் ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள். ஒரு நாள் திருத்திய சீட்டு ஒன்றை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தட்டில் வைத்துவிட்டார். அவள் அடுத்த துணியை எடுத்து விரித்தாள்.

இப்போது அவருக்காகச் சொல்ல அவளிடம் ஏதாவது இருந்தே ஆக வேண்டும். கண்ணை மூடினாள். காலையில் அவர், துணியை வைத்து நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் குனிந்திருந்தார். கோட்டுக்கு மேலே காலர் தெரிந்தது.

"பழுப்பு," என்றாள். "காப்பிப் பொடி நிறம். நான் பார்த்தேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

கழுகு சொன்னால் சொன்னதுதான். போலீஸ்காரம்மா எழுதிக்கொண்டார். பழுப்புச் சட்டை, கறுப்புப் பேண்ட் என்று ஊர் முழுக்க வயர்லெஸ்ஸில் போனது. மகளும் சூப்பர்வைசரும் ஆளுக்கொரு பக்கம் தேடக் கிளம்பினார்கள். மூன்றரைக்கு பஸ் நிலையத்திலிருந்து டைம் கீப்பர் ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, வெகுநேரமாக ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், போகும் இடம் கேட்டால் சிரிக்கிறார், பச்சைச் சட்டை என்று சொன்னாராம். நம்ம ஆள் பழுப்பு, இவர் இல்லை என்று வைத்துவிட்டார்கள். பட்டறைக்குப் போன் செய்தபோது போலீஸ்காரம்மா இதைப் பேச்சோடு பேச்சாக ரேடியோவிடம் சொன்னார். அவன் கழுகிடம் சொன்னான். அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை.

லாரி காத்துக்கொண்டிருந்தது. யார் காணாமல் போனாலும் துணி போக வேண்டும். நாலே முக்காலுக்கு அவள் பெட்டி முன் உட்கார்ந்து ஒரு துண்டை விரித்தாள். பெட்டியில் மூன்று சுவிட்ச்: பகல் வெளிச்சம் போல ஒரு விளக்கு, கடை விளக்கு, வீட்டுக் குண்டு பல்பு போல மஞ்சள் விளக்கு. பகல் விளக்கைப் போட்டாள். பிறகு மஞ்சள். துணி கண்ணெதிரே கொஞ்சம் சிவந்தது. சில சாயங்கள் அப்படித்தான். விளக்கு மாறினால் ஆளே மாறிப்போகும். அந்த மாதிரித் துணிக்கு அங்கே பச்சோந்தி என்று பெயர்.

சுவிட்ச் மேலேயே அவள் விரல் நின்றுவிட்டது.

காலையில் அவர் எந்த விளக்கில் குனிந்திருந்தார்?

மஞ்சள். காலை முழுக்க அவர் பெட்டியில் மஞ்சள் விளக்குதான் எரிந்தது. அந்தக் காலரை அவள் பகல் வெளிச்சத்தில் பார்க்கவே இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம்கூட முதல் நாளே சொல்லும் பாடம்: எந்த விளக்கில் என்று சொல்லாமல் நிறத்தைச் சொல்லாதே.

"ரேடியோ! போன வருஷம் கழிவுத் துணியில ஆளுக்கொரு சட்டைத் துணி கொடுத்தாங்களே, அரை டீ அண்ணா வாங்கினாரா?"

"வாங்கினாரே. நான்தான் சீட்டு எழுதினேன். ஏன்க்கா?"

அந்தத் துணியைக் கழித்தவளே அவள்தான். பச்சோந்தி என்று அவள் முத்திரை குத்தியதால்தான் அது கடைக்குப் போகாமல் ஊழியர் கைக்கு வந்தது. கழித்த துணிகளின் துண்டுகள் பின்னால் பீரோவில் இருக்கும். ஒவ்வொரு உறையாகப் பிரித்தாள். அந்தத் துணியின் துண்டு கிடைத்ததும் எடுத்து மஞ்சள் விளக்கடியில் வைத்தாள். காப்பிப் பொடி. அதே காலர். துண்டைப் பிடித்தபடி நடை வழியாக ஓடி, கதவைத் தள்ளி வெளியே வந்தாள். சாயங்கால வெயில் இன்னும் இருந்தது.

கையில் இருந்தது பச்சை. ஈரச் சுவரில் படரும் பாசி போல, தெளிவான பச்சை.

போனில் அவள் சொன்னதைப் போலீஸ்காரம்மா இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். "ஒரே சட்டை எப்படிம்மா ரெண்டு நிறம்?" பிறகு, "சரி, வாசல்ல நில்லுங்க. ஜீப் வருது," என்றார்.

பஸ் நிலையத்து பெஞ்ச் காலியாக இருந்தது. டைம் கீப்பர் எரிந்து விழுந்தார். "நான்தான் போன் பண்ணேனே! அவர் இல்லைன்னு சொன்னது யாரு? நாலரை வரைக்கும் இங்கேயேதான் இருந்தார். தண்ணி வாங்கிக் கொடுத்தேன், பாதி குடிச்சார். அப்புறம் ஒரு பஸ்ல ஏறிட்டார்."

"எந்த பஸ்?" என்றார் போலீஸ்காரம்மா.

நடத்துனரின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார்கள். கடைசி நிறுத்தத்தில் இறங்கிய பெரியவர் படியில் தவறி விழுந்துவிட்டார், அங்கேயே உட்கார வைத்திருக்கிறோம் என்றார் அவர். மகளுக்கும் தகவல் போனது. போகும் வழியெல்லாம் கழுகு ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றரைக்கே போயிருக்கலாம். அவள் 'தெரியல' என்று சொல்லியிருந்தால், பச்சைச் சட்டைக்காரரை யாராவது போய்ப் பார்த்திருப்பார்கள்.

கடைசி நிறுத்தம் என்பது ஒரு தகரக் கூரையும் பூட்டிய பெட்டிக்கடையும்தான். தூரத்திலிருந்தே பச்சை தெரிந்தது. மேல் பொத்தான் ஒன்றைத் தப்பான காஜாவில் மாட்டியிருந்தார். சட்டை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. உதடு கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. முழங்கை சிராய்த்திருந்தது.

"அண்ணா," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மரியாதையான, யாரோ தெரியாதவரைப் பார்க்கும் பார்வை. கோட்டு இல்லாமல், சொந்த உடையில், வெயிலில் அவர் எதிரே அவள் நின்றதே கிடையாது என்பது அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

"நீங்க யாரும்மா? யாரைப் பாக்க வந்தீங்க?"

"உங்களைத்தான்."

"அப்படியா," என்று கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் உட்கார்ந்ததும் அவள் துப்பட்டாவின் நுனியை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். "நல்ல நீலம். கறுப்பு ஒரு சொட்டு கூடிப்போச்சு. இருந்தாலும் பாஸ் பண்ணலாம்."

சரியாகத்தான் சொன்னார்.

ஆட்டோவில் வந்து இறங்கிய மகள் நேராக அவரிடம் வந்தாள். அப்பாவின் முன் மண்டியிட்டுச் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மேலிருந்து சரியாகப் போட்டுக்கொண்டு வந்தாள். கடைசிப் பொத்தானில் கை நின்றது. "காப்பிப் பொடின்னு சொன்னீங்களே அக்கா."

"தப்பா சொல்லிட்டேன். அது மட்டும் இல்ல." இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லப் போவதில்லை என்று கழுகுக்குத் தெரிந்தது. "வேலையில அவர் மறக்கிறது எனக்கு ஆறு மாசமாத் தெரியும். சீட்டையெல்லாம் நான் திருத்தி வச்சேன். யார்கிட்டயும் சொல்லல."

மகள் திரும்பிப் பார்த்தாள். "ஆறு மாசமா?"

"ஆமா."

"வீட்டுல சாவியை மறப்பார், தேதியை மறப்பார். நான் கேட்டா, 'ஆபீஸ்ல ஒரு தப்பு வருதான்னு போய்க் கேளு'ம்பார். அதை நம்பித்தான் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகாம இருந்தேன்." அவள் கடைசிப் பொத்தானை மாட்டினாள். "நீங்க சொல்லியிருக்கணும் அக்கா."

"சொல்லியிருக்கணும்."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால், பதிலுக்கு 'பரவாயில்ல' என்று அந்தப் பெண்ணைச் சொல்ல வைக்க வேண்டும். பரவாயில்லாத விஷயம் அது.

இருவருமாகத் தாங்கி அவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். போலீஸ்காரம்மா ஆஸ்பத்திரியின் பெயரை டிரைவரிடம் சொன்னார். கழுகு பின்வாங்கி ஓரமாக நின்றாள்.

மகள் உள்ளே உட்கார்ந்து, அப்பாவின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு, கழுகின் முகத்தைப் பார்க்காமலே, "ஏறுங்க," என்றாள். "டாக்டர் கேப்பாங்க. எப்போ ஆரம்பிச்சது, என்னென்ன மறந்தார், எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு. எனக்கு வீட்டுல நடந்ததுதான் தெரியும். மிச்சம் உங்களுக்குத்தானே தெரியும்?"

கழுகு ஏறி, எஞ்சியிருந்த ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. மகள் கைப்பையிலிருந்து பேனாவையும் ஒரு தாளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"முதல்ல ஒரு செவ்வாய்க்கிழமை," என்று தொடங்கினாள் கழுகு. "சிவப்புத் துணிக்கு ஊதாவோட எண்ணை எழுதியிருந்தார்."