படுக்கைக்குக் கீழே ஓடிய குழாய்

அம்மா ஐந்து வாரமாகக் காரில்தான் தூங்குகிறாள். படகுத்துறையின் வண்டி நிறுத்தத்தில், பின்சீட்டில், முழங்காலை மடக்கிக்கொண்டு. அக்டோபர் முடியப்போகிறது, காலையில் கண்ணாடி முழுக்க உறைபனி. அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. சால்மன் மீன் ஆலையில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் நிற்கிற கால் அது.

எங்கள் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மிதக்கிறது. நாற்பத்தெட்டு வருடப் பழைய பாய்மரப் படகு. நான் வளர்ந்தது அதில். ஜனவரியில் அப்பா செத்ததும் அதில். அதன்பிறகு எட்டு மாதம் சித்தி வீட்டில் இருந்தாள் அம்மா. சித்தி மகன் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து இறங்கியதும் அந்த இடமும் போனது.

"அவரு அங்கதான் இருக்காரு, டெல்லா. உள்ள கால வச்சாலே மூக்குல வந்து உட்காருறாரு."

நான் வேதியியல் படித்தவள். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரிக்குள் போன முதல் ஆள். செத்தவர்கள் மூக்கில் உட்காருவதில்லை, கந்தகம் உட்காரும். படகின் கழிவு நாற்றத்தை எடுத்துவிட்டால் அம்மா பனி கொட்டும் முன்னால் தன் படுக்கைக்கு வருவாள். அப்படித்தான் நினைத்தேன்.

தொல்லை என்னவென்றால் என் மூக்கு உதவாது. நாற்றத்திலேயே வளர்ந்த மூக்குக்கு அந்த நாற்றம் தெரியாது. விடுதியில் முதல் வாரம் அறைத்தோழி என் ஸ்வெட்டரை பிளாஸ்டிக் பையில் கட்டி வராந்தாவில் வைத்தபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. அதனால் மூன்று படகு தள்ளியிருக்கும் மேவிஸைக் கூப்பிட்டேன். வெல்டிங் வேலை பார்ப்பவள், வாய் பெரியது.

"நாலு வருஷம் படிச்சிட்டு வந்து மோந்து பாக்க ஆள் தேடுறியாடி?"

"உன் மூக்கு மட்டும் போதும். வாயக் கரையில விட்டுட்டு வா."

சனிக்கிழமை படகின் அடிவயிற்றில் தேங்கியிருந்த எண்ணெய்க் கசட்டை அள்ளிக் கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்தேன். ஐஸ் பெட்டியின் வடிகால் நேராக அதற்குள்தான் விழுந்துகொண்டிருந்தது. இருபது வருடமாகச் சிந்திய பால். வடிகாலை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். கழிவறைக்குக் கடல்நீர் இழுக்கும் குழாயில் செத்து அழுகியிருந்த பூச்சிகளை நல்ல தண்ணீர் விட்டு அலசினேன். மேவிஸ் தலையை உள்ளே நீட்டினாள்.

"அழுகின முட்டை போயிடுச்சு. இப்ப அசல் பீ மட்டும்தான்."

பிறகு துணி. இதைப் படகுக்காரர்கள் எல்லோரும் செய்வார்கள். துணியைக் கொதிநீரில் முக்கிப் பிழிந்து கழிவுக் குழாயைச் சுற்றி வைக்க வேண்டும். ஆறியதும் எடுத்துவந்து வெளியே வைத்து மோந்து பார்க்க வேண்டும். குழாயின் ரப்பருக்குள் நாற்றம் ஊறியிருந்தால் துணி சொல்லிவிடும். ஏழு இடத்தில் ஏழு துணி. மேவிஸ் துறைமேல் கால்நீட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கினாள்.

"இல்ல. இதுல இல்ல. இதுவும் இல்ல. சீ, த்தூ! இது எங்க வச்சது?"

"முன்னறைப் படுக்கைக்குக் கீழ."

"அப்ப உள்ளேருந்துதான் வந்திருக்கு. வெளியேருந்து ஒண்ணும் வரல."

நான் அந்த ஈரத் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது அப்பாவிடம் கத்தினேன். "இந்த நாத்தம் என் துணியெல்லாம் ஏறுதுப்பா. லேப்ல ஒருத்தியும் என் பக்கத்துல உட்கார மாட்டேங்குறா." அவருக்கு முகம் செத்துவிட்டது. கழிவுத்தொட்டி மூச்சுவிடும் துளை படகின் வெளிப்பக்கம் இருக்கிறது. அதற்கு நேர் மேலே அறைக்குக் காற்று வரும் குழல். அதன் வழியாகத்தான் நாற்றம் திரும்பி வருகிறது என்று முடிவு கட்டினார். மறுநாள் குழலுக்குள் ஒரு துண்டைச் சுருட்டி அடைத்தார். நான் நன்றி சொன்னேன்.

நான் கல்லூரிக்குத் திரும்பிய ஐந்தாம் நாள் பனி கொட்டியது. அப்பா கதவுக்குப் பதிலாக இருக்கும் வாசல் பலகைகளைப் போட்டு மூடி, சின்ன கேஸ் ஹீட்டரைப் பற்றவைத்துவிட்டுப் படுத்தார். ஹீட்டர் கக்கிய கார்பன் மோனாக்சைடு என்றார் டாக்டர். அதற்கு வாசனை கிடையாது. நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய பதில் அது.

அந்தக் குழல் வழியாகக் காற்று மட்டும்தான் வந்திருக்கிறது.

மேவிஸ் என் முகத்தைப் பார்த்தாள். கேலி ஒன்றும் வரவில்லை. "ரம்பம் எடுத்துட்டு வரவா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கழிவுக் குழாயை அறுத்து எடுத்துப் புதியதைப் போட்டோம். அந்த வாயு சேர்ந்தால் அலறும் அபாயமணி ஒன்றைப் படுக்கைக்கு மேலே திருகினேன். ஞாயிறு மதியம் அம்மாவைக் கூட்டிவந்தேன். அவள் மூன்று படி இறங்கி நின்றாள். மூச்சை இழுத்தாள்.

"ஒண்ணுமே இல்ல."

"ஆமாம்மா. போயிடுச்சு."

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்துது." கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். "நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தேன். ஒரு வாசனையும் இல்ல. தூங்குறாருன்னு நினைச்சு, சத்தம் கேக்கக்கூடாதுன்னு பூட்ஸக் கழட்டிட்டு, ஓரமா உட்கார்ந்து காபி குடிச்சேன்டி. நாத்தம் இருந்தப்பவாவது உள்ள ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுது."

சொல்லாமல் விட்டிருக்கலாம். முடியவில்லை. "அம்மா, நாத்தம் அந்தக் குழல் வழியா வரல. நான் கத்துனதாலதான் அவரு அத அடைச்சாரு."

"துண்ட நாந்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள் அம்மா. "அவரு பழசக் கேட்டாரு. மெல்லிசா இருக்கு, குளிர் வரும்னு, தடிச்சதாப் பாத்துக் குடுத்தேன்."

 அம்மா வாசலில் அடுக்கியிருந்த மூன்று பலகைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் துறைமேல் எறிந்தாள். பிறகு கோட்டோடும் தொப்பியோடும் தன் படுக்கையில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். திறந்த வாசல் வழியாகத் தூறல் படியில் விழுந்தது. நான் எதிரே உட்கார்ந்து போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது, இறங்கியது. ஒருமுறை ஏறத் தாமதமானது போல் இருந்தது. எழுந்து போய் அவள் மூக்கருகே விரலை வைத்தேன்.

"தூங்க விடுடி" என்றாள், கண்ணைத் திறக்காமல்.