ஆனி எட்டு

"கடைசி பீரியட்ஸ் தேதி என்னம்மா?"

ஸ்கேன் எடுக்கும் டாக்டர் கேட்டது என் மருமகள் சத்யப்பிரியாவை. பதில் சொன்னது நான்.

"ஆனி எட்டுங்க. ஜூன் இருபத்திரண்டு."

"அவங்க சொல்லட்டுமே."

"அவ என்னாங்க சொல்லப்போறா? எங்க வூட்டுலதான் இருந்தா. நாந்தான் காலண்டர்ல சுழிச்சி வெச்சேன்."

சத்யா மல்லாந்து படுத்திருந்தாள். "ஆமாங்க" என்றாள், சுவரிடம் சொல்வதுபோல.

அந்தத் தேதி பொய்யில்லை. ஆனி எட்டாம் தேதி எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் அவள் மூன்று நாள் ஒதுங்கி உட்கார்ந்தது உண்மை. ஆனால் அது கடைசி இல்லை. ஆடி ஐந்தாம் தேதி, காடாம்புலியூரில் தாய்வீட்டில் இருந்தபோது, இன்னொன்று வந்திருந்தது. அது அவளுக்குத் தெரியும், என் மகன் சிலம்பரசனுக்குத் தெரியும், அவள் அம்மா மாணிக்கம்மாளுக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்து வைத்துச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

வைகாசியில் கல்யாணம் ஆனது. ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆடியில் தங்கினால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், வெயிலில் தாயும் பிள்ளையும் வேகும், குடும்பத்துக்கும் ஆகாது என்பார்கள். எங்கள் பிளாக்கில் இருபது மாவட்டத்து ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லிக் காட்டுவது நான்தான். அடுத்த குவார்ட்டர்ஸ் தனகோட்டியின் மருமகளுக்கு அந்த வருஷம் சித்திரையில் பெண் பிறந்தது. பால் பூத் வரிசையில் நின்றுகொண்டு நான் சொன்னேன்:

"ஒரு மாசம் பொறுக்க முடியலியாமா? என்னா ஜென்மமோ."

நாலு பேர் சிரித்தார்கள். பக்கத்தில் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத சத்யாவும் நின்றாள். அவளும் சிரித்தாள்.

ஆவணி பிறந்து அவள் திரும்பி வந்தாள். பத்தாம் நாள் வாந்தி. நான்தான் கேட்டேன்.

"அங்க போயி நீ தூரமாயிக் குளிக்கவே இல்லியா?"

"இல்லைங்க அத்தை."

"அப்ப ஆனியிலேயே நின்னுடுச்சி. பங்குனியில பொறக்கும். நல்ல மாசந்தான்."

கேள்வியும் என்னுடையது, பதிலும் நான் எடுத்துக் கொடுத்தது. அவள் செய்தது தலையாட்டியது மட்டும்தான். ஆரம்பத்திலேயே ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். "பிஞ்சுக் கருவுக்கு அதெல்லாம் ஆவாது" என்று சீட்டை மடித்து வைத்தேன். அதை எடுத்திருந்தால் அன்றைக்கே நாள் கணக்கு வெளியே வந்திருக்கும்.

இப்போது அந்த ஸ்கேன் டாக்டர் வயிற்றின்மேல் கருவியை நகர்த்தி நகர்த்தி அளந்தார். மறுபடி அளந்தார்.

"தேதி உறுதியாம்மா?"

"உறுதிங்க" என்றேன்.

"உங்க கணக்குப்படி பதினெட்டு வாரம் முடிஞ்சிருக்கணும். கொழந்தை பதினாலு வாரத்து அளவுதான் இருக்கு. தலை, வயிறு, தொடை எலும்பு எல்லாமே சின்னது. இதயம் சரியா தெரியல. தேதி தப்பா இருந்தா பயமில்ல. தேதி சரின்னா யோசிக்கணும்."

"தேதி சரிதாங்க."

"அப்ப இன்னொரு எடத்துல காட்டிடுங்க."

அன்று சாயங்காலம் என் கணவர் ராஜாங்கம் ஷிப்ட் முடிந்து வந்தார். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"யோசிக்கணும்னா என்னா அர்த்தம்?"

"கொற இருக்குன்னு அர்த்தம்."

"அவங்க அப்பிடியா சொன்னாங்க?"

"வாயால சொல்லுவாங்களா? மூஞ்சப் பாத்தா தெரியாது?"

"மூஞ்ச வெச்சிப் பேசாத காந்தி. கடலூர்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டுவோம்."

சிலம்பரசன் வாசல்படியில் உட்கார்ந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள், வாய் பேசுகிறவன். அன்று பேசவில்லை. பயத்தில் இருக்கிறான் என்று நினைத்தேன். பயம்தான், என்மேல் இருந்த பயம். அவன் பிறகு என்னிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன். அன்று உள்ளே அவர்கள் இருவரும் பேசியது இவ்வளவுதான்.

"சொல்லிடலாமாங்க?"

"கடலூர் டாக்டர் பெரிய டாக்டராம். அவுரே பாத்துக் கண்டுபுடிச்சிடுவாரு. நாம வாயத் தொறக்க வேணாம்."

பிள்ளைக்காக இரண்டாவது டாக்டரிடம் போகிறோம் என்று நான் நினைத்தேன். டாக்டர் தானாகவே உண்மையைச் சொல்லிவிட்டால், தாங்கள் சொல்ல வேண்டியதில்லையே என்று அவர்கள் நினைத்தார்கள்.

மூன்று நாள் கழித்துக் கடலூர் போனோம். அங்கேயும் அதே கேள்வி. அங்கேயும் நானே பதில். டாக்டர் எழுதிக்கொண்டே பேசினார்.

"நாலு வாரம் பின்தங்கியிருக்கு. இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பின்தங்கினா சாதாரணமா நல்லது இல்ல. மரபணுக் கோளாறா இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். வயித்துல ஊசி போட்டுப் பனிக்குடத்து நீர் எடுத்துப் பாக்கணும், ரிசல்ட் வர நாளாகும்."

"வேற வழி இல்லீங்களா?"

"வேணாம்னு முடிவு பண்ணா இருபது வாரத்துக்குள்ள பண்ணணும், தாண்டினா சட்டச் சிக்கல். உங்க தேதிப்படி இன்னும் ஆறு நாள் இருக்கு. அவசரப்படாதீங்க. பாண்டிச்சேரில இதுக்குன்னே ஒருத்தங்க இருக்காங்க, எழுதித் தரேன்."

ஆறு நாள் என்றதும் சத்யாவின் கை நாற்காலியைப் பிடித்தது. நான் பார்த்தேன். இருந்தும் பஸ்ஸில் பாதி வழி, குள்ளஞ்சாவடி வருவதற்குள் என் மனசு முடிவு செய்துவிட்டது.

மறுநாள் இரவுச் சாப்பாடு போடும்போது சொன்னேன். "கொறயோட பொறந்து அது படற பாட்ட நம்ம கண்ணால பாக்கணுமா? இருக்கிற நாள்ல எடுத்துட்டாத் தேவல. சின்ன வயசுதான். அடுத்த வருசமே பொறந்துக்கும்."

ராஜாங்கம் அன்றைக்கு இரண்டாவது ஷிப்ட், வீட்டில் இல்லை. சிலம்பரசன் தட்டை நகர்த்தினான்.

"பாண்டிச்சேரி போயிட்டு வந்து பேசலாம்மா."

"அங்க மட்டும் வேறயாவா சொல்லப்போறாங்க?"

சத்யா எழுந்து கை கழுவப் போனாள். சோறு அப்படியே இருந்தது.

"துன்னாமப் போறா பாரு. வயித்துல இருக்கறது எங்கருந்து வளரும்" என்றேன்.

இதை நான் சொன்னேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் சொன்னதைச் சொன்னபடிதான் எழுத வேண்டும்.

பாண்டிச்சேரி டாக்டருக்கு என் வயசு இருக்கும். சிலம்பரசனை வெளியே இருக்கச் சொல்லி, எங்கள் இருவரையும் உள்ளே விட்டார்கள். பழைய ரிப்போர்ட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சத்யப்பிரியா யாரு?"

"இவதாங்க. என் மருமவ."

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்கம்மா. சத்யப்பிரியா, நாள் தள்ளிப் போறது உண்டா, மாசாமாசம் சரியா வருமா?"

"சரியா வரும்ங்க."

"கடைசித் தேதி?"

அவள் வாய் திறக்குமுன் என் வாய் திறந்துவிட்டது. "ஆனி எட்டுங்க, காலண்டர்ல..." டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்தினேன். ஆனால் நான் நிறுத்தவேண்டியது அதை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, இன்னொன்றைச் சொன்னேன்.

"டாக்டரம்மா, நாங்க முடிவு பண்ணிக்கினுதான் வந்திருக்கறோம். இன்னும் நாலு நாள்தான இருக்குது. எடுத்துடலாம்ங்க."

"யாரு முடிவு பண்ணது?"

"வூட்டுல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீ என்னம்மா சொல்ற?"

சத்யா முந்தானையை விரலில் சுற்றினாள். பிறகு, என்னைப் பார்க்காமல், மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

"தேதி தப்புங்க டாக்டர்."

"எது சரி?"

"ஆடி அஞ்சி. ஜூலை இருபத்தொண்ணு. எங்கம்மா வூட்டுல."

"ஏய், ஆடியில நீ உங்கம்மா வூட்டுலதான இருந்தே" என்றேன். நான் சொன்னது எனக்கே முட்டாள்தனமாகக் கேட்டது.

"பதினெட்டாம் பெருக்குக்கு நீங்கதான் அவர்கிட்ட பொடவ, பழம் குடுத்து அனுப்பனீங்க அத்தை."

"அனுப்பனேன். சாயங்காலமே திரும்பச் சொன்னேனே. பஸ்ஸு இல்லன்னு மறுநா காலையில..."

"அம்மா வூட்டுல அவர ராத்தங்க உடலிங்க. ஆடியாச்சேன்னு எங்க பெரியப்பா வூட்டுக்கு அனுப்பிட்டாங்க." அவள் குரல் உள்ளே போனது. "பகல்ல முந்திரித் தோப்புக்குப் போயிருந்தோம்."

டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

"இதுக்கா மறைச்சே? கட்டின புருஷந்தானே?"

"ஆடிங்க டாக்டர்."

"அதனால?"

"சித்திரையில பொறக்கும்ங்க. பால் பூத்துல அத்தை பேசினத நான் பக்கத்துல நின்னு கேட்டேன். எனக்கும் அப்பிடித்தான் பேசுவாங்கன்னு." மூக்கை உறிஞ்சினாள். "டாக்டருங்களே கண்டுபுடிச்சிடுவாங்கன்னு நெனச்சோம். இவங்க எடுத்துடலாம்ன்ற வரைக்கும் போவும்னு தெரியாதுங்க. நேத்தே சொல்லியிருக்கணும். வாய் வரலிங்க."

அவள் அவமானத்தோடு பேசினாள். அவள் பேசப் பேச அந்த அவமானம் ஒவ்வொரு வார்த்தையாக அவளிடமிருந்து இறங்கி என்மேல் ஏறிக்கொண்டிருந்தது. எழுந்து வெளியே போகலாமா என்று பார்த்தேன்.

மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பதினஞ்சு வாரம், ரெண்டு நாள். புதுத் தேதிக்கு அளவு சரியாப் பொருந்துது. வளர்ச்சி பின்தங்கல."

"அப்ப ஒண்ணும் இல்லீங்களா டாக்டர்?"

"அப்பிடியும் சொல்ல மாட்டேன். இதயத்தோட அறைகளைப் பாக்கறதுக்கு இது சின்னக் கொழந்தை. அதான் அவங்களுக்கும் தெரியல. ஒரு வெள்ளைப் புள்ளி தெரியுது, பெரும்பாலும் அது தானா போயிடும். ஒரு மாசம் கழிச்சி வா. அப்ப பாத்தாத்தான் உறுதி."

"சரிங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அடுத்த தடவை கேள்விக்கு அவளையே பதில் சொல்ல விடுங்கம்மா."

நான் தலையாட்டினேன்.

திரும்பும் வழியில், கடலூர் பஸ் ஸ்டாண்டில் நெய்வேலி வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் ஏறப் போனேன். சத்யா ஏறவில்லை.

"நான் பண்ருட்டி வண்டியில அம்மா வூட்டுக்குப் போறேங்க அத்தை."

"துணி எடுத்து வரலியே."

"அங்க இருக்குது."

"எப்ப வருவே?"

"தெரியலிங்க." கொஞ்சம் நின்று சொன்னாள். "அடுத்த ஸ்கேனுக்கு அவரும் நானும் போயிக்கறோம். நீங்க வர வேணாங்க."

மரியாதை குறையாமல்தான் சொன்னாள். ஒவ்வொரு 'ங்க'வும் சரியாக இருந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"பாத்துப் போ. ஜன்னலோரம் உக்காரு."

சிலம்பரசன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீயும் போடா. அவளத் தனியா உட்டுட்டு என்கூட என்னா?"

அவன் போனான். நான் தனியாக வந்தேன்.

வீட்டில் ராஜாங்கம் கதவைத் திறந்தார்.

"அவங்க எங்க?"

"காடாம்புலியூர் போயிட்டாங்க."

"டாக்டர் என்னா சொன்னாங்க?"

சொன்னேன். தேதியைச் சொன்னேன், பெருக்கைச் சொன்னேன், வெள்ளைப் புள்ளியைச் சொன்னேன். முந்திரித் தோப்பைச் சொல்லும்போது அவர் வேறு பக்கம் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"அட, இதுக்கா இவ்ளோ? புள்ள நல்லா இருந்தா எந்த மாசம் பொறந்தா என்னா? அடுத்த மாசம் நீயும் கூடப் போயி..."

"என்னை வர வேணான்னுட்டா."

"ஏன்?"

நான் பையை ஆணியில் மாட்டினேன். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனது.

"காந்தி. அங்க நீ என்னா சொன்னே?"

"எடுத்துடலாம்னு சொன்னேன்."

"டாக்டர்கிட்டயா?"

"டாக்டர்கிட்ட."

"அவ எதிர்லயா?"

"அவ எதிர்லதான். அதுக்கு மொத நா ராத்திரி சோத்தப் போட்டுக்கினும் சொன்னேன். நீங்க ஷிப்ட்ல இருந்தீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.