பேசாத பட்டை

சவரியம்மாளின் நெஞ்சுவலிக்கு இந்த வாரமே டாக்டரைப் பார்த்தாக வேண்டும். ஆஸ்பத்திரியிலோ கவுண்டரை மூடிவிட்டார்கள். இனி நேரம் வாங்குவதெல்லாம் ஆப்பில்தான். எத்தனை முயன்றும் கிடைக்காமல், மகள் கிளாரா தாராவியிலிருந்து பஸ் ஏறி, ஆப்பைச் செய்த செம்பூர் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

கிளாராவுக்குப் பார்வை கிடையாது. போன் வாசித்துச் சொல்லச் சொல்ல, விரலால் தள்ளிக்கொண்டே போவாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம் அக்கா. நான் செய்யுதேன், பாருங்க."

ஷ்யாமளா பார்த்தாள். அந்தத் திரைகளை வடிவமைத்தவள் அவள்தான். பொத்தான்களுக்கெல்லாம் பெயர் வைத்து, போன் வாசிக்கிறதா என்று சோதித்தும் இருந்தாள், கண்ணைத் திறந்துகொண்டு. அப்போது வேண்டிய பொத்தானுக்கு அவள் விரல் நேராகப் போனது.

கிளாராவின் விரல் ஒவ்வொரு டாக்டரின் பெயரையும் பட்டங்களையும் கடந்து போக வேண்டியிருந்தது. 'உறுதி செய்' வருவதற்குள் திரை முதல் பக்கத்துக்கு ஓடிவிட்டது.

"பாத்தியளா? கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளுத மாதிரி."

திரையின் மேலே ஒரு சிவப்புப் பட்டை தேய்ந்துகொண்டே வந்ததை ஷ்யாமளா பார்த்திருந்தாள். இரண்டு நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் முதல் பக்கம். புரோக்கர்கள் இடத்தைப் பிடித்து வைக்காமலிருக்க அவளே சொன்ன யோசனை. அந்தப் பட்டை மட்டும் வாய் திறக்காது.

"நிகில், டைமரை எடுத்துடணும்" என்றாள், பக்கத்து மேசையைப் பார்த்து.

"அரே, எடுத்தா புரோக்கர்லாம் திரும்ப வந்துடுவான். அடுத்த ரிலீஸ்ல பார்க்கலாம்" என்றான் மேனேஜர் நிகில். "இப்போ நீயே புக் பண்ணிக் குடேன்."

"வேண்டாம் சார்" என்றாள் கிளாரா. "பேங்க்ல வேல பாக்கேன். எங்கம்மைக்கு ஒரு டாக்டர் நேரம் எனக்கு எடுக்கத் தெரியாதா?"

போன் வாசிக்கும் வேகத்தைக் கூட்டினாள். ஷ்யாமளாவுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மறுபடியும் முதல் பக்கம்.

"இந்த வாரத்துல இன்னும் எத்தன இருக்கு?"

"ஒண்ணுதான்" என்றாள் ஷ்யாமளா.

கிளாரா போனை நீட்டினாள்.

பட்டை பாதி தேய்வதற்குள் ஷ்யாமளா முடித்துவிட்டாள்.

"பார், வேலை செய்யறதே" என்றான் நிகில்.

ஷ்யாமளா அவன் பக்கம் திரும்பவில்லை. கிளாரா போனை வாங்கிக்கொண்டாள்.

"அடுத்த மாசமும் அம்மையக் காட்டணும். உங்க நம்பரச் சொல்லுங்க."

ஷ்யாமளா சொன்னாள். கிளாரா அழுத்திய ஒவ்வொரு எண்ணையும் போன் திருப்பிச் சொன்னது.