நான்காம் ஜன்னலில் ஒரு முதுகுவலி

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளியின் வலியை டாக்டர் வாங்கி, மூன்று நாள் தன் உடம்பில் வைத்திருந்து பார்த்த பிறகுதான் மருந்து எழுத வேண்டும். வலியை ஒப்படைக்கும் இடம் நான்காம் ஜன்னல். அங்கே இசக்கியம்மாள் இருப்பாள். நோயாளி சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க, அவள் நோகிற இடத்தை உள்ளங்கையால் இரண்டு முறை தடவி, மூன்றாவது முறை வழித்தெடுப்பாள். எடுத்ததை நான்காய் மடித்து மஞ்சள் பையில் போட்டு, பெயர் எழுதிய அட்டையைக் கட்டி மாடிக்கு அனுப்புவாள்.

அமலோற்பவம் எட்டு வருடத்தில் ஆறு முறை தன் முதுகுவலியை அந்த ஜன்னலில் கொடுத்திருந்தாள். ஆறு முறையும் அது அப்படியே திரும்பி வந்தது.

முதல் டாக்டர் இரண்டு மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அட்டையில் 'பொறுக்கக்கூடியது' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அதை வாங்கி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, மூன்று நாளும் வெளியூரில் இருந்தார். அவர் எழுதியது 'வயது' என்ற ஒரே சொல். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று. நான்காவது முறை அட்டை மாறிப்போய், யாருடைய பல்வலியோ அவள் பையில் வந்தது. அந்தப் பல்வலியைப் பதினோரு நாள் வைத்திருந்தாள். கிராம்பு வைத்து, வெந்நீர் கொப்பளித்து, அதன் சொந்தக்காரர் வந்து கேட்டபோது நல்ல நிலையில் திருப்பிக் கொடுத்தாள். அவருக்கு அவளுடைய முதுகுவலியைக் கொடுத்திருந்தார்கள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அமலோற்பவத்துக்கு வேலை ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில். காலை ஒன்பதரைக்கு நின்றால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். வருகிறவர்களுக்கு முன்னால் விரித்துப் போட்டதை அவர்கள் போனதும் குனிந்து மடிக்க வேண்டும். உட்கார ஒரு ஸ்டூல் கேட்டபோது, சூப்பர்வைசர் தனுஷ்கோடி டாக்டர் சர்டிபிகேட் கேட்டான்.

"நான் என்னக்கா செய்ய? எழுதி வாங்கிட்டு வாங்க. மாசக் கடைசிக்குள்ள வரலேன்னா உங்கள குடோனுக்கு மாத்தச் சொல்லுதாங்க."

குடோன் என்றால் மூட்டை இறக்குவது. அமலோற்பவம் சரி என்று சொல்லிவிட்டு, ஏழாவது முறையாக நான்காம் ஜன்னலுக்குப் போனாள்.

"மறுபடியுமா?" என்றாள் இசக்கியம்மாள்.

"மறுபடியும்தான்."

"புது டாக்டர் வந்திருக்காங்க. நூர்ஜமீலான்னு பேரு. சின்ன வயசு. அவங்களுக்கு அனுப்புதேன்." வழித்தெடுத்துவிட்டுப் பையைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "போன வருசத்துக்கு இது கனம் கூடியிருக்கு."

வலி இல்லாத முதுகோடு வெளியே வருவது அமலோற்பவத்துக்குப் பழகிப்போயிருந்தது. முதல் முறை கொடுத்தபோது பஸ் ஸ்டாப்வரை ஓடியிருக்கிறாள். வீட்டுப் பரணையெல்லாம் துடைத்திருக்கிறாள். இப்போது அப்படி எதுவும் செய்வதில்லை. நோகாத முதுகு இரவல் பாத்திரம் மாதிரி, கீறல் விழாமல் மூன்று நாள் வைத்திருந்தால் போதும். கணவன் சூசைமாணிக்கம் "எப்படியிருக்கு?" என்று கேட்டதற்கு, "குடுத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாம் நாள் காலை ஆறே காலுக்குப் போன் வந்தது.

"அமலோற்பவம்மாவா? நான் டாக்டர் நூர்ஜமீலா பேசுறேன். இத வெச்சுக்கிட்டு நீங்க எப்படிப் பல் தேய்க்கிறீங்க?"

எட்டு வருடத்தில் இதை யாரும் அமலோற்பவத்திடம் கேட்டதில்லை.

"குனியாதீங்க டாக்டரம்மா. பக்கெட்டக் கவுத்திப் போட்டு இடது கால அதுமேல வைங்க. ஒரு கை சுவத்துல இருக்கட்டும்."

போனில் பக்கெட் உருளும் சத்தம் கேட்டது. பிறகு, "ம். இப்ப முடியுது" என்று குரல் வந்தது.

அன்றைக்கே இன்னும் நாலு முறை போன் வந்தது. கட்டிலிலிருந்து எப்படி எழுவது, தும்மல் வந்தால் எதைப் பிடித்துக்கொள்வது, கீழே விழுந்த பேனாவை என்ன செய்வது. அமலோற்பவம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒருக்களித்துப் படுத்து, முதலில் காலைக் கீழே விட வேண்டும். தும்மல் வந்தால் எதன்மேலாவது சாய்ந்துகொள்ள வேண்டும். பேனாவை விட்டுவிட வேண்டும்.

மூன்று நாள் முடிந்தும் வலி திரும்பி வரவில்லை. அமலோற்பவம் வேலைக்கு நடுவே ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் ஒரு கையை மேஜையில் ஊன்றி நின்றுகொண்டு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"என்னோடத எங்கிட்ட குடுத்திருங்க டாக்டரம்மா. உங்களுக்கு எதுக்கு இது? ஒரு சர்டிபிகேட் மட்டும் எழுதுங்க, போதும்."

"என்னன்னு எழுத? என் ரூம்ல இது பாதி நேரம் சும்மா கிடக்கு. உங்க வேலையிலதான் அது யாருன்னு தெரியும். ஞாயித்துக்கிழமை கடை உண்டுல்ல?"

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கடைக்கு வந்து, அமலோற்பவத்தின் இடத்தில் நின்றாள். அமலோற்பவம் பக்கத்தில் நின்று மடிப்பு சொல்லிக் கொடுத்தாள். தனுஷ்கோடி டாக்டருக்கும் ஒரு சீருடைச் சேலை கொடுத்து வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிக்கொண்டான். கல்யாணக் கூட்டம் ஒன்று வந்து நூற்றுப்பத்து சேலை பார்த்துவிட்டு, இரண்டை எடுத்துக்கொண்டு போனது. நாலு மணிவாக்கில் டாக்டர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இடது காலுக்கு எறங்குது. பின்தொடை வழியா, சுண்டுவிரல் வரைக்கும். அந்த விரல் மரத்துப்போச்சு."

"ஆமா. நாலு மணிக்கு எறங்கும்."

"இத முன்னாடி யார்கிட்டயும் சொல்லலையா?"

"மொத தடவயே சொன்னேன். அட்டையில ஒரு எடத்துக்குத்தான் எடம் இருக்கு, எதாவது ஒண்ணச் சொல்லுங்கன்னாங்க. முதுகச் சொன்னேன்."

டாக்டர் சேலை மடித்த அட்டை ஒன்றின் பின்பக்கம் அதையெல்லாம் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகு அமலோற்பவத்தினுடையது, வலி டாக்டரிடம் இருந்தது. எனவே இருவரும் ஒருவர் பின் ஒருவராக மெஷினுக்குள் போய் வந்தார்கள். இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, கீழ்முதுகில் ஜவ்வு ஒன்று பிதுங்கி நரம்பின்மேல் சாய்ந்திருந்தது. அமலோற்பவம் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப இது நெசமாவே இருக்கு," என்றாள்.

"இருக்கு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எட்டு வருடமாக அந்தச் சந்தேகம் அவளுக்கே இருந்தது.

அதன்பிறகு தினமும் காலை ஏழு மணிக்கு உடற்பயிற்சி அறையில் இருவரும் இரண்டு பாயில் படுத்தார்கள். முதுகு ஒருத்தியிடமும் வலி ஒருத்தியிடமும் இருந்ததால், ஒருத்தி மட்டும் செய்து பலனில்லை. முதலில் டாக்டர் எழுதியது, மல்லாந்து படுத்து இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கும் பயிற்சி. நாலு நாள் செய்தார்கள். ஐந்தாம் நாள் டாக்டர் வரவில்லை, போன்தான் வந்தது. குரல் சுவரோரமாகத் தரையிலிருந்து வருவது போல இருந்தது.

"நான் எழுதுனது தப்பு. நேத்துலேருந்து நிமிர முடியல. அத நிறுத்திருங்க. உங்களுக்கு எப்பவாவது இது குறைஞ்சிருக்கா? எதுனாலயாவது?"

அமலோற்பவம் யோசித்தாள். "போன வருசம் அம்மைக்குப் படுத்திருந்தப்ப. குப்புறப் படுத்து, முழங்கையை ஊணித் தலையத் தூக்கி சன்னல் வழியா ரோட்டப் பாத்துக்கிட்டே கெடந்தேன். அப்பக் கொஞ்சம் நல்லாயிருந்துச்சு."

"அப்படியே செய்வோம்."

மறுநாளிலிருந்து இருவரும் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, ஆஸ்பத்திரி ரோட்டில் போகிறவர்களைப் பார்த்தார்கள். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் நரம்புக்கு ஒரு மாத்திரை தேர்ந்தெடுத்தாள். மாத்திரை அமலோற்பவம் விழுங்க வேண்டும், மயக்கம் டாக்டருக்கு வந்தது. அளவைப் பாதியாகக் குறைத்தார்கள். இரண்டாம் வாரம் ஒரு நாள் டாக்டர், "சுண்டுவிரல் திரும்பி வந்திருச்சு" என்றாள். நாலு மணி வலி ஆறு மணிக்குத் தள்ளிப்போனது. பிறகு முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்காமல் நின்றது.

இதற்கிடையே பெரிய டாக்டரிடமிருந்து குறிப்பு வந்தது. நோயாளியின் உடைமையை மூன்று நாளுக்கு மேல் வைத்திருப்பதற்கு விளக்கம் கேட்டிருந்தார். நூர்ஜமீலா நின்றபடியே பதில் எழுதினாள். 'இன்னும் படித்து முடிக்கவில்லை.' அதை ஏற்றுக்கொண்டு, கூடவே விடுப்பில் ஆறு நாளைக் கழித்துவிட்டார்கள்.

"எனக்காக உங்க லீவு போகுதே," என்றாள் அமலோற்பவம். "வேண்டாம் டாக்டரம்மா. நான் பழகினவ."

"பழகினவங்கன்னுதான் யாரும் எழுதல," என்றாள் டாக்டர். "பாயில படுங்க."

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது நான்காம் ஜன்னலிலிருந்து அழைப்பு வந்தது. டாக்டரே இறங்கி வந்திருந்தாள். பையை இசக்கியம்மாளிடம் கொடுக்கும்போது ஒரு கணம் பிடியை விடவில்லை. இசக்கியம்மாள் வலியை உதறி விரித்து அமலோற்பவத்தின் முதுகில் வைத்து அழுத்தினாள். அது தன் இடத்தைத் தேடி உட்கார்ந்தது. அவளுக்கு அடையாளம் தெரிந்தது. ஆனாலும் அது அதே ஆள் இல்லை.

"எளச்சிருக்கு," என்றாள்.

"நடக்க வெச்சேன்," என்றாள் டாக்டர். "முழுசாப் போகாது. பாதிக்கு மேல போயிருக்கு. பயிற்சிய விட்டீங்கன்னா மறுபடி சதை போட்டுரும். மாசத்துல ரெண்டு நாள் எங்கிட்ட கொண்டு வாங்க, எப்படியிருக்குன்னு பாத்துட்டுத் தரேன்."

சர்டிபிகேட் இரண்டு பக்கம் இருந்தது. ஸ்டூலின் உயரம், எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை உட்கார வேண்டும், கீழ்த்தட்டுச் சேலைகளை எந்த உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. நின்று பார்த்தவள் எழுதியது. அமலோற்பவம் அதை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள். டாக்டர் முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

"அஞ்சாம் ஜன்னலுக்குப் போயிட்டுப் போங்க," என்றாள் இசக்கியம்மாள். "உங்க தூக்கம் வந்திருக்கு."

எட்டு வருடத்தில் வலியால் அவள் தூங்காமல் விட்ட தூக்கம் இரண்டு சாக்கில் இருந்தது. ஐந்தாம் ஜன்னல்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "மழைக்காலத்துத் தூக்கம் கொஞ்சம் நமுத்திருக்கும். காயவெச்சிட்டு எடுங்க. ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடிக்கு மேல வேண்டாம்" என்றார். ஆட்டோவில் ஏற்றியதும் டிரைவர், "சாக்க அந்த ஓரமாத் தள்ளி வைங்கம்மா, கொட்டாவி வருது" என்றார். அவள் தள்ளி வைத்தாள்.

வீட்டில் சூசைமாணிக்கம் சாக்குகளை மாடிக்குத் தூக்கிக் கொடுத்தான். வெயில் நன்றாக அடித்தது. அமலோற்பவம் பழைய வேட்டியை விரித்து, தூக்கத்தைப் பரப்பி, கட்டி கட்டியாக இருந்ததை விரலால் உதிர்த்துவிட்டாள். பிறகு ஒரு குச்சியோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு காக்கை வந்து ஓரத்தில் ஒரு கொத்து கொத்திவிட்டு, அந்த இடத்திலேயே சாய்ந்து தூங்கிப்போனது. அவள் அதைத் தூக்கி நிழலில் வைத்தாள்.