அக்காவின் கட்டைவிரல்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கௌரவமான வேறொரு காரணம் யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எனக்கும் அக்காவுக்கும் ஒரே மாதத்தில் விரல் மாட்டிக்கொண்டது. தையற்கடை வைத்திருக்கும் அவளுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கும் கட்டைவிரல். கையால் மட்டுமே கதை எழுத வரும் எனக்குப் பேனாவைத் தாங்கும் நடுவிரல். மடக்கினால் மடங்கும், நீட்டினால் பாதியில் நின்று, ‘டொக்’கென்று துள்ளித் திறக்கும். ஒரே டாக்டர், ஒரே நாள், ஒரே ஊசி மருந்து. மூன்று வாரத்தில் அவள் விரல் சரியானது. என்னுடையது

2

மேலே உள்ள வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை. அதற்குள் நோயை விளக்கிவிடுகிறேன். விளக்குவதென்றால் எனக்குச் சோறு வேண்டாம்.

விரலை மடக்கும் தசைநாண் ஓர் உறைக்குள் ஓடுகிறது. விரலின் அடியில் அந்த உறை வளையம்போல் இறுகியிருக்கும். அங்கே வீக்கம் வந்தால் நாண் வழுக்கிப் போகாமல் சிக்கும். உள்ளங்கையில், விரலடியில் ஸ்டீராய்டு ஊசி போடுவது அந்த வீக்கத்தை வற்றவைக்க.

“பைஜாமா நாடால முடிச்சு விழுந்து, மடிப்புக்குள்ள போகாம முட்டிக்கிட்டு நிக்குமே, அதானே டாக்டர்?” என்றாள் அக்கா.

“இவ்ளோ தெளிவா நானே யாருக்கும் சொன்னதில்லம்மா.”

எழுத்தாளன் நான். அந்த உவமை எனக்கு வந்திருக்க வேண்டும்.

3

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இதை நான் எழுதவில்லை; சொல்கிறேன். எதிரே உட்கார்ந்து எழுதுபவள் அக்கா. [முதல் வரியிலயே பொறாமைன்னான். நானும் எழுதிட்டு உக்காந்திருக்கேன், பாருங்க. — அக்கா]

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த ஊசி அவ்வளவாகக் கேட்காமல் போகலாம் என்று டாக்டர் முன்பே சொன்னார். டப்பா டப்பாவாக இனிப்பு தின்பவள் அவள், சர்க்கரை எனக்கு. [ஊசி போட்ட கைய சும்மா வெச்சியா? அதையும் சொல்லு.]

சரி. குணமாகிவிட்டதா என்று நாளுக்கு ஐம்பது முறை விரலை மடக்கி, ‘டொக்’கென்று திறந்து பார்த்தேன். அதைத்தான் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா போனில், “இன்னைக்கு எட்டு சட்டை வெட்டினேன்டா” என்பாள். போனை வைத்ததும் பத்து முறை.

4

முடிவுகள்.

ஒன்று: சில மாதம் கழித்து இரண்டாவது ஊசி, என் விரலும் சரியாகிறது. [இது நல்லாருக்கு.] எனக்குச் சப்பென்றிருக்கிறது.

இரண்டு: சின்ன அறுவை சிகிச்சை. வளையத்தை வெட்டிவிடுகிறார்கள், நாண் தாராளமாக ஓடுகிறது.

இரண்டிலும் அக்காவுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆகவே மூன்று: பள்ளி திறக்கும் வாரம், நூறு சீருடை வெட்ட வேண்டிய காலையில், அக்காவின் கட்டைவிரல் மறுபடி

அக்காவின் பேனா நின்றுவிட்டது.

“அப்படி ஆகணும்னு நெனைக்கிறியா?”

“கதைக்காகக்கா.”

“கதைய விடு. நீ நெனைக்கிறியா?”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“நேத்து காலைல லேசா ‘டொக்’குனு கேட்டுச்சுடா. துணியெல்லாம் மேஜை மேல விரிச்சுக் கெடந்துச்சு. உங்கிட்ட சொல்லத் தோணல.”

அந்த நொடியில் என் மனம் குளிர்ந்தது. என் முகத்தில் அவள் அதைப் பார்த்தாள். பேனாவை என் பக்கம் நீட்டினாள்.

“இந்த மூணாவது முடிவ மட்டும் உன் கையால எழுது.”

5

இது என் கையெழுத்து. கோணலாக இருப்பது அதனால்தான்.

நாளைக் காலை அக்காவின் கட்டைவிரல்

நடுவிரல் மாட்டிக்கொண்டது. பேனாவைப் பிடித்திருக்கிறது, விடத்தான் மாட்டேனென்கிறது. பிரித்துவிட அக்கா கையை நீட்டியபடி நிற்கிறாள்.

“எழுதி முடி. அப்புறம் எடுத்துவிடறேன்.”

அந்த வரியை நீங்கள் முடித்துவையுங்கள். அதற்கு முன் உங்கள் விரலை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்ப்பீர்கள், தெரியும். ஒருமுறை போதும்.