பொன்விழா நாடகத்தின் உடைகள்

முந்தானை நுனியில் இருந்த முடிச்சு அவிழ மறுத்தது. அவர் கட்டிலோரம் குனிந்து நின்று அதை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தார். முடிச்சுக்குள் அலமாரிச் சாவி. காலை பதினொரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனைவி, டாக்டர் வருவதற்குள் போய்விட்டிருந்தாள். இப்போது மணி நாலு.

கூடத்தில் நாடகத்துறைப் பேராசிரியையும் எட்டு மாணவர்களும் நின்றிருந்தார்கள். வந்து அரை மணி நேரமாயிற்று. எதற்கு வந்தோம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவருக்குத் தெரியும். பல்கலைக்கழகத்துக்குப் பொன்விழா. இன்று மாலை ஆறரைக்குத் திறந்தவெளி அரங்கில் நாடகம். ஐம்பது வருடத்துக்கு முன் இந்த வளாகத்துக்குக் கல் சுமந்தவர்களும், கூரை போடாத வகுப்பில் படித்த முதல் மாணவர்களும்தான் கதை. அந்த வேஷங்களுக்கான உடைகள் முழுக்க இந்த அறையின் இரும்பு அலமாரியில் இருந்தன.

"நிறுத்திடலாமான்னு கேட்டுப் பாத்தேன், சார்" என்றார் நாடகத்துறைப் பேராசிரியை. "விருந்தாளிங்க வந்து இறங்கியாச்சு, முடியாதுன்னுட்டாங்க. நாங்க வாடகைக்குத் துணி எடுத்துக்கறோம்."

"அவ தச்சது இருக்கறப்ப வாடகை எதுக்கு?"

முடிச்சு அவிழ்ந்தது.

பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் அடுக்குவது அவர் வேலை. மாணவர் நாடகக் குழுவுக்கு உடை தைப்பது, துவைப்பது, பத்திரப்படுத்துவது எல்லாம் இருபத்தாறு வருடமாக அவள் பார்த்த, சம்பளமில்லாத உத்தியோகம். 'ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் கோட்டு, கட்டினவனுக்குப் பித்தான் போன சட்டை' என்று அவர் குத்திக்காட்டுவார். மறுநாள் பித்தான் இருக்கும்.

அலமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசனை அறையை நிறைத்தது. ஒரு கறுப்புக் கோட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எது யாருக்குன்னு எனக்குத் தெரியாதேப்பா."

"காலருக்குள்ள பாருங்க, சார்" என்றான் உயரமான மாணவன்.

காலரின் உள்பக்கம் சின்னச் சின்ன வெள்ளைத் துணித் துண்டுகள், ஒன்றன்கீழ் ஒன்றாகத் தைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்து. தவளை. அரை டிக்கெட். வாத்து. கடைசியில், புதுத் துணியில், ஒட்டடைக்குச்சி.

"அது நான்தான், சார். அத்தை வெச்ச பேரு."

பேராசிரியை தலையைக் குனிந்துகொண்டார். "வாத்து நான். இருபது வருஷத்துக்கு முன்னாடி ஆம்பளை வேஷம் கட்டினேன். நடை சரியில்லைன்னு அந்தப் பேரு வெச்சாங்க."

அவளை அத்தை என்கிறார்கள், தன்னை சார் என்கிறார்கள். அவர் அடுத்த உடையின் காலரைப் பிரித்துப் பார்த்தார்.

கோட்டு ஒட்டடைக்குச்சிக்கு இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. பிடித்துத் தைப்பதற்காக அவள் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தாள். இன்று மத்தியானம் செய்ய நினைத்திருப்பாள்.

"குண்டூசி எங்க வெச்சிருப்பாளோ..."

"மிஷினுக்கு இடப்பக்கம் ரெண்டாவது டிராயர், சார்" என்றார்கள் இரண்டு பெண்கள் ஒரே சமயத்தில்.

அங்கேதான் இருந்தது. சாக்குக்கட்டிக் கோடு தாண்டாமல் ஒவ்வொரு ஊசியாகக் குத்தினார். பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மூச்சு விடுப்பா" என்றார்.

எல்லோரும் அவள் காலைத் தொட்டுவிட்டு, உடைகளை அணைத்துக்கொண்டு வெளியேறினார்கள். பேராசிரியை மட்டும் வாசலில் தயங்கினார்.

"உங்ககிட்ட அக்கா சொல்லியிருக்காங்களான்னு தெரியலை, சார். ஒவ்வொரு வருஷமும் மூணாவது வரிசையில உங்களுக்கு ஒரு சீட்டுப் பிடிச்சு வெக்கச் சொல்லுவாங்க. நாடகம் ஆரம்பிக்கற மணி அடிச்சப்புறம்தான் வேற யாரையாவது உக்கார வெப்பாங்க."

"கல்யாணமான புதுசுல கூப்பிட்டா" என்றார் அவர். "எனக்கு இதெல்லாம் ஒத்துவராதுன்னுட்டேன். அப்புறம் கேக்கலை."

அவளுடைய அண்ணன் நாளைக் காலை ரயிலில்தான் வருகிறார். தகனமெல்லாம் அதற்குப் பிறகு. ஆறு மணிவரை துணையிருந்த எதிர்வீட்டுப் பெண்மணி சங்கடத்தோடு எழுந்தாள். "நாடகத்துக்கு முன்னாடி எம்பொண்ணு ஆடறா, அண்ணா. முடிஞ்சதும் ஓடி வந்துடறேன்."

"இருந்து முழுசாப் பாத்துட்டு வாம்மா."

வளாகத்து ஊழியர் குடியிருப்பு காலியாயிற்று. அரங்கு இரண்டு தெரு தள்ளி. ஒலிபெருக்கியில் வரவேற்புரை, பாட்டு, பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மணி அடித்தது.

"ஆரம்பிச்சுட்டாங்க" என்றார், அவள் பக்கம் திரும்பி.

மின்விசிறியின் கடகடப்பில் வசனம் எதுவும் பிடிபடவில்லை. எழுந்துபோய் அதை நிறுத்தினார். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்போது குரல்கள் கேட்டன. வார்த்தைகள்தான் விளங்கவில்லை. திடீரென்று கூட்டம் முழுவதும் சிரித்தது.

"என்னத்துக்குச் சிரிக்கறாங்க?"

கேட்டுவிட்டு, வியர்வை கழுத்தில் இறங்க, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மறுபடியும் சிரித்தார்கள்.